செல் மெம்பரேனுக்கு மூணு வருஷமா வாங்கிப் பாத்த சாயங்க – எது தேறுச்சு, எது எங்களுக்கு ஒத்துவரல

நான் மொதமொதல்ல வாங்குன மெம்பரேன் டை, அதாவது செல்லச் சுத்தி இருக்குற சவ்வ மைக்ரோஸ்கோப்ல ஒளிர வச்சுக் காட்டுற சாயம், எனக்கு ஒண்ணுமே காட்டல. டீப் ரெட் வகை அது, பேப்பர்ல எல்லாம் அவ்ளோ அழகா படம் போட்ருந்தாங்க, செல்லுக்கு சேதாரம் கம்மி பேக்ரவுண்ட் கம்மின்னு சீனியர் அண்ணன் ஒருத்தரும் சொன்னாரு, கொட்டேஷன் வாங்கி கையெழுத்து வாங்கி ஆறு வாரம் காத்துக்கெடந்து வயல் வந்துச்சு. ஸ்டெயின் பண்ணி, வாஷ் பண்ணி, ரூம் லைட்ட அணைச்சிட்டு ஐபீஸ்ல கண்ண வச்சா கும்மிருட்டு. டை கெட்டுப்போச்சோ, நாமதான் கலக்குனது தப்போன்னு மூணு நாள் திருப்பித் திருப்பிப் பண்ணேன். நாலாவது நாள்தான் அந்த டையோட தாள எடுத்து ஒழுங்கா படிச்சேன், அதத் தூண்ட 650 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் வெளிச்சம் வேணும், அது திருப்பிக் குடுக்குறது 665 பக்கம். எங்க லேப் மைக்ரோஸ்கோப்ல இருக்குறது மெர்க்குரி லேம்ப்பும் மூணே மூணு ஃபில்டர் கியூபும் (வேண்டிய நிற வெளிச்சத்த மட்டும் விடுற வடிகட்டி), நீலத்துக்கு டாப்பி, பச்சைக்கு எஃப்ஐடிசி, ஆரஞ்சுக்கு ட்ரிட்சி. 650-ல தூண்டுறதுக்கு சை-5 கியூபே கெடையாது. அது இருந்திருந்தாலும் 665-அ மனுஷக் கண்ணு சரியா பாக்காது, கறுப்பு வெள்ளை கேமரா வேணும், எங்களோடது கலர் கேமரா, அந்த மாதிரி கேமராக்கள்ல பெரும்பாலும் செவப்புக்கு அந்தாண்ட வெளிச்சத்த தடுக்குற கண்ணாடி ஒண்ணு உள்ளயே இருக்கும். அப்புறமா வேற ஒரு எடத்துல மணிக்கணக்குக்கு காசு கட்டி கன்ஃபோகல்ல (லேசர் வச்சுப் பாக்குற மைக்ரோஸ்கோப்) 640 லேசர்ல பாத்தப்ப அதே ஸ்லைடு ஜொலிச்சுது, டை மேல ஒரு குத்தமும் இல்ல.

இத எதுக்கு மொதல்லயே சொல்றேன்னா போன மாசம் எம்எஸ்சி படிக்கிற தங்கச்சி ஒருத்தி வந்து "அக்கா, மெம்பரேனுக்கு எந்த டை பெஸ்ட்டுக்கா"ன்னு கேட்டா. அவளுக்கு நான் ஒக்கார வச்சு ஒரு மணி நேரம் சொன்னதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா மதுரையச் சுத்தி இருக்குற சின்ன லேப்கள்ல நெறைய பேரு இதே எடத்துலதான் காச விடுறாங்க, ஒரு வயல் விலைல ஒரு மாச வீட்டு வாடகைய கட்டிடலாம். பெஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையாது. ஒங்க மைக்ரோஸ்கோப்ல என்ன கியூப் இருக்கு, செல்லு உசுரோட இருக்கப்போகுதா இல்ல ஃபிக்ஸ் பண்ணப் போறீங்களா (மருந்து ஊத்தி செல்ல இருந்தபடியே நிப்பாட்டி வைக்கிறது), ஃபிக்ஸ் பண்ணுன பெறகு ட்ரைட்டன்ங்குற சோப்பு மாதிரி திரவத்த ஊத்துவீங்களா, இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சாத்தான் கேட்லாக்க தொறக்கணும்.

எங்க பெரிய மாமா ரொம்ப வருஷம் சுங்குடி சேலைக்கு சாயம் போட்டவரு. அவருகிட்ட என் வேலைய வெளக்கிச் சொன்னப்ப செல்லுன்னா என்ன மெம்பரேன்னா என்னன்னு எதுவும் கேக்கல, "சாயம் போகுமா போகாதாம்மா? எதுல அலசுவீங்க?"ன்னுதான் கேட்டாரு. நான் அசந்துட்டேன். அந்தக் கேள்விய எங்க லேப்ல ஒருத்தரும் கேக்காமத்தான் டைஐ-ங்குற டைய வாங்கி வச்சிருந்தோம்.

டைஐ-க்கு வருவோம். எங்களுக்கு ரொம்பக் கைகுடுத்த சாயமும் இதுதான், ரொம்ப அழவச்சதும் இதுதான். ஒரு பக்கம் வெளிச்சம் குடுக்குற தலை, அதுல இருந்து 18 கார்பன் நீளத்துக்கு ரெண்டு கொழுப்பு வாலு தொங்கும், அந்த வாலு போயி மெம்பரேன்ல சொருகிக்கும். தண்ணில இருக்கறப்ப இது ஏறக்குறைய அணைஞ்சே கெடக்கும், கொழுப்புக்குள்ள போனாத்தான் எரியும், அதுனாலதான் பேக்ரவுண்ட் கம்மி. 549-ல தூண்டுனா 565-ல குடுக்கும், பழைய மெர்க்குரி லேம்ப்புக்கு 546-ல ஒரு பலமான கோடு இருக்கு, ரெண்டும் பொருந்திப்போறதால எங்க பழைய மைக்ரோஸ்கோப்ல ட்ரிட்சி கியூப்ல டைஐ அப்படி ஒரு வெளிச்சம். இதே குடும்பத்துல பச்சைக்கு டைஓ இருக்கு, 484-க்கு 501, ஆனா மெர்க்குரி லேம்ப்ல அந்தப் பக்கம் பலமான கோடு இல்ல, அதுனால எங்ககிட்ட டைஓ மங்கலாத்தான் தெரிஞ்சுச்சு. எல்ஈடி லேம்ப்போ 488 லேசரோ வச்சிருக்குறவங்களுக்கு இந்தக் கொறை வராது. டைடி-ன்னு வர்றது 644, அது நான் மொதல்ல மாட்டுன அதே டீப் ரெட் கதை, வாங்குறதுக்கு முன்னாடி கியூப எண்ணிப் பாத்துக்கோங்க.

பிஎஸ்சி பிள்ளைங்களுக்கு காட்டுறதுக்கு டைஐ-யும் ரத்தச் சிவப்பணுவும் மாதிரி ஒரு ஜோடி கெடையாது. சிவப்பணுக்குள்ள நியூக்ளியஸ் இல்ல, வேற உறுப்பும் இல்ல, சாயம் போயி ஒக்கார்றதுக்கு வெளி மெம்பரேன விட்டா வேற எடமே கெடையாது, அதுனால சுத்தமான வளையம் தெரியும். 1925-ல கோர்ட்டரும் கிரெண்டலும் இதே சிவப்பணுவுல இருந்துதான் கொழுப்ப எடுத்து தண்ணி மேல பரப்பி அளந்து, மெம்பரேன் ரெண்டு அடுக்குன்னு சொன்னாங்க. அந்த ரெண்டு அடுக்கும் சேத்து 10 நானோமீட்டரத் தாண்டாது, நம்ம மைக்ரோஸ்கோப்பு பிரிச்சுக் காட்டுறதோ 200 நானோமீட்டர் வரைக்கும்தான், அப்ப நாம பாக்குற கோடு மெம்பரேனோட உண்மையான தடிமன் இல்ல. வளையத்தோட ஓரம் ஏன் பளிச்சுன்னு இருக்குன்னு பிள்ளைங்க கேப்பாங்க, ஓரத்துல மெம்பரேன் செங்குத்தா நிக்குது, வெளிச்சம் வர்ற பாதைல நெறைய சாயம் ஒண்ணு மேல ஒண்ணா சேந்துருது, நடுவுல படுத்துக்கெடக்கறதால கம்மி. சாதா மைக்ரோஸ்கோப்ல மேல் மெம்பரேனும் கீழ் மெம்பரேனும் சேந்து நடுவுல ஒரு மூட்டம் போட்ட மாதிரி தெரியும், அத ஸ்டெயினிங் சரியில்லன்னு நெனச்சு டைய கூட்டிராதீங்க.

கலக்குறதுல ரெண்டு விஷயம். சீரம் (ரத்தத்துல இருந்து எடுக்குற தெளிஞ்ச நீர்) இருக்குற மீடியத்துல, அதாவது செல்ல வளக்குற கரைசல்ல, டைஐ போடாதீங்க, சீரத்துல இருக்குற அல்புமின் கொழுப்பு மாதிரி பொருளயெல்லாம் கவ்வுற புரோட்டீன், டைய பாதி அதுவே புடிச்சு வச்சுக்கும். சீரம் இல்லாத மீடியத்துல 37 டிகிரில ஒரு 20 நிமிஷம் வைங்க, அப்புறம் சீரம் உள்ள மீடியத்துல கழுவுங்க, கழுவுறப்ப அதே அல்புமின் மிச்சம் மீதிய புடிச்சுக்கிட்டுப் போயிரும். அடுத்து, கெட்டியா கரைச்சு வச்சிருக்குற ஸ்டாக்கு பழசானா கல்லு கட்டும், அந்தக் கல்லு செல்லு மேல ஒட்டி நட்சத்திரம் மாதிரி மின்னும், அதப் பாத்து ஏதோ வெசிக்கிள்னு (செல்லுக்குள்ள இருக்குற குட்டி மெம்பரேன் பை) நம்பி நான் ஒரு செமினார்ல காட்டிட்டேன், எங்க சார்தான் "அம்மா, டை மட்டும் ஊத்துன ஸ்லைடு எங்க?"ன்னு கேட்டாரு. அன்னைல இருந்து செல்லே இல்லாம டை மட்டும் ஒண்ணு, டையே இல்லாம செல்லு மட்டும் ஒண்ணு, இந்த ரெண்டு ஸ்லைடு இல்லாம நான் படம் எடுக்குறதில்ல. ஸ்டாக்க லேசா சூடுபண்ணி, சென்ட்ரிஃபியூஜ்ல ஒரு சுத்து விட்டு மேல இருக்குறத மட்டும் எடுங்க.

அழவச்ச கதை இதுதான். டைஐ போட்டு ஃபார்மால்டிஹைடுல ஃபிக்ஸ் பண்ணி அதுக்கு மேல ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு பொருளத் தேடிப் புடிக்கிற புரோட்டீன்) போடணும்னு பிளான், ஆன்டிபாடி உள்ள போகணும்னு ட்ரைட்டன் 0.1 சதவீதம் பத்து நிமிஷம் ஊத்துனேன், அவ்ளோதான், சாயம் பூரா வெளுத்துப்போச்சு. ஃபார்மால்டிஹைடு கட்டிப்போடுறது புரோட்டீன, கொழுப்ப அது தொடுறதே இல்ல, கொழுப்பு ஃபிக்ஸ் பண்ணுன பெறகும் நகந்துக்கிட்டேதான் இருக்கும், ட்ரைட்டன் சோப்பு மாதிரி, அது வந்து கொழுப்ப அள்ளிக்கிட்டுப் போறப்ப அதுல சொருகி இருந்த டைஐ-யும் கூடவே போயிருச்சு. மெத்தனால்ல ஃபிக்ஸ் பண்ணுனா இன்னும் மோசம், மெத்தனாலே கொழுப்ப கரைச்சிரும். மாமா கேட்ட கேள்விக்கு அன்னைக்குத்தான் பதில் தெரிஞ்சுது. ஆனா இதே கொணத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, ஃபிக்ஸ் பண்ணுன திசுவுலயும் கொழுப்பு நகர்றதாலதான் ஒரு நரம்பு செல்லோட ஒரு முனைல டைஐ துளி வச்சா அது மெம்பரேன் வழியாவே ஊந்து ஊந்து அடுத்த முனை வரைக்கும் போகும், 1986-ல ஹானிக்கும் ஹியூமும் உசுரோட இருக்குற நியூரான்ல காட்டுனதுல இருந்து நரம்புப் பாதைய வரைய இத உபயோகிக்கிறாங்க. ஒங்களுக்கு ட்ரைட்டன் கட்டாயம் வேணும்னா சிஎம்-டைஐன்னு ஒண்ணு இருக்கு, அதுல புரோட்டீன்ல இருக்குற தயால்ங்குற கந்தகப் பகுதிய புடிச்சுக்குற ஒரு கொக்கி இருக்கு, ஃபிக்ஸ் பண்ணி ட்ரைட்டன் ஊத்துனாலும் நல்லாவே தங்கும், விலை சாதா டைஐ-ய விட எக்கச்சக்கம். சாதா டைஐ-க்கு நான் அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஆன்டிபாடி வேலை இல்லாதவங்களுக்கு மட்டும்.

ஆன்டிபாடி வேலை உள்ளவங்களுக்கு டபிள்யூஜிஏ. கோதுமை முளைல இருந்து எடுக்குற லெக்டின், அதாவது சர்க்கரையப் புடிக்கிற புரோட்டீன், செல்லுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற சர்க்கரைகள்ல சயாலிக் ஆசிடையும் என்-அசிட்டைல்குளுக்கோசமைனையும் தேடிப் புடிக்கும். நாங்க வாங்குனது அலெக்ஸா ஃப்ளூர் 488 ஒட்டுனது, 495-க்கு 519, எஃப்ஐடிசி கியூபே போதும். ஒரு மில்லிக்கு 5 மைக்ரோகிராம், பத்து நிமிஷம், ரெண்டு வாஷ், வேலை முடிஞ்சது. இது கொழுப்புல சொருகல, புரோட்டீன் மேல இருக்குற சர்க்கரையத்தான் புடிக்குது, தானும் ஒரு புரோட்டீன்தான், அதுனால ஸ்டெயின் பண்ணிட்டு ஃபார்மால்டிஹைடு ஊத்துனா எல்லாம் சேந்து கட்டிக்கும், அப்புறம் ட்ரைட்டன் வந்தாலும் அசையாது.

ஆனா வரிசைய மாத்திறக்கூடாது, இத கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். மொத தடவ நான் ஃபிக்ஸ், ட்ரைட்டன், அப்புறம் டபிள்யூஜிஏன்னு பண்ணேன், பாத்தா வெளி ஓரத்த விட நியூக்ளியஸச் சுத்தி ஒரு வளையமும் பக்கத்துல ஒரு கொத்தும் பளபளன்னு எரியுது. நியூக்ளியஸ் ஓட்டைகள்ல இருக்குற புரோட்டீன்கள்லயும் அதே சர்க்கரை ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்தக் கொத்து கோல்ஜிங்குற செல் உறுப்பு, ட்ரைட்டன் கதவத் தொறந்துவிட்டதால லெக்டின் உள்ள போயி அதயெல்லாம் புடிச்சிருச்சு. மொதல்ல டபிள்யூஜிஏ, அப்புறம் ட்ரைட்டன், இல்லன்னா ஃபார்மால்டிஹைடுக்கும் ட்ரைட்டனுக்கும் நடுவுல டபிள்யூஜிஏ, இது ரெண்டுதான் வழி. உசுரோட இருக்குற செல்லுல 37 டிகிரில ரொம்ப நேரம் விட்டா செல்லு அத முழுங்கிரும், புள்ளி புள்ளியா உள்ள தெரியும், பத்து நிமிஷத்த அரை மணி நேரமா ஆக்காதீங்க. டிரிப்சின் (ஒட்டி வளர்ற செல்ல தட்டுல இருந்து பிரிக்கிற என்சைம்) போட்டு எடுத்த செல்லுன்னா ஒடனே பண்ணாதீங்க, செல்லு மேல இருக்குற புரோட்டீன டிரிப்சின் வெட்டிட்டுப் போயிருக்கும், ஒரு நாள் ஒட்டவிட்டு அப்புறம் பண்ணுங்க. கல்ச்சர்ல கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா ஏறி இருந்தா அதோட செவர்லயும் இதே சர்க்கரை இருக்கு, அதுவும் சேந்து எரியும், ஒரு வகைல அது நல்லதுக்குத்தான், கன்டாமினேஷன் தெரிஞ்சிரும். இதயத் தசை செக்‌ஷன் போடுறவங்க ஒவ்வொரு செல்லோட குறுக்குவெட்டு அளவ எடுக்க இதத்தான் நம்புறாங்க, அதுல எல்லைக்கோடு வேலி கட்டுன மாதிரி நிக்கும். விலங்கு செல்லுக்கு அஞ்சுக்கு நாலரை. தாவரத்துக்கு வாங்காதீங்க, செல் செவரு நடுவுல மறிச்சுக்கிட்டு நிக்கும்.

தாவரம்னா எஃப்எம் 4-64 தான். இத எழுதுறப்பதான் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருக்கு, ஏன்னா என் வேலையே இதுலதான் ஓடுது, நான் பாக்குறது நம்ம மதுரை மல்லி இதழ். விடியக்காலைல பறிக்கிற மொட்டு சாயங்காலம் விரியுது, அந்த கொஞ்ச மணி நேரத்துக்குள்ள இதழ் செல்லுக எப்படி பெருசாகுது, மெம்பரேன் எங்க இருந்து வந்து சேருதுன்னு பாக்கணும். காலைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல போயி நூறு கிராம் மொட்டு வாங்குவேன், கடைக்காரம்மா "கட்டி வைக்கவா பாப்பா"ன்னு கேப்பாங்க, வேணாம்மா உதிரியாவே குடுங்கன்னு டப்பால போட்டு வந்துருவேன்.

எஃப்எம்னா அத உருவாக்குன ஃபெய் மாவோங்குறவரு பேரோட மொத எழுத்துக. 1992-ல பெட்ஸும் பீவிக்கும் இதே குடும்பத்து எஃப்எம் 1-43-அ வச்சு தவளையோட நரம்பும் தசையும் சேர்ற எடத்துல வெசிக்கிள் திரும்பத் திரும்ப உபயோகமாகுறதக் காட்டுனாங்க. டைஐ தண்ணில கரையாது, இது கரையும், அதுனால கல்லு கட்டுற தொல்லை இல்ல. தலைல ரெண்டு பாசிட்டிவ் சார்ஜ் இருக்கறதால மெம்பரேனோட வெளி அடுக்குல வாலச் சொருகிக்கிட்டு அங்கயே நிக்கும், தாண்டி உள்ள போக முடியாது. அப்ப அது உள்ள தெரியுதுன்னா செல்லு தானா மெம்பரேன மடிச்சு உள்ள இழுத்துருக்குன்னு அர்த்தம். போட்ட அஞ்சு நிமிஷத்துல வெளி ஓரம் மட்டும் தெரியும், அரை மணி நேரத்துல உள்ள சின்னச் சின்ன புள்ளிக, ரெண்டு மூணு மணி நேரம் ஆனா வேக்யூல (செல்லு நடுவுல இருக்குற பெரிய தண்ணிப் பை) சுத்தி இருக்குற மெம்பரேனும் எரிய ஆரம்பிக்கும். வெளி ஓரம் மட்டும் போதும்னா ஐஸ்ல வச்சு ஸ்டெயின் பண்ணி ஒடனே படம் எடுங்க, குளிர்ல செல்லு முழுங்காது. எங்க ஊருல சித்திரை மாசத்துல ஐஸ் பெட்டிய விட்டு ஸ்லைட எடுத்து ஸ்டேஜ்ல வைக்கிறதுக்குள்ளயே சூடேறிரும், அதுனால ஏசி ரூம்ல மைக்ரோஸ்கோப் பக்கத்துலயே ஐஸ் பெட்டிய வச்சுக்கிட்டு ஒரு ஸ்லைடுக்கு நாலு நிமிஷம்னு கணக்கு வச்சுக்குறேன்.

பழகுறவங்க மல்லில ஆரம்பிக்காதீங்க, பெரிய வெங்காயத்துல ஆரம்பிங்க, உள்பக்கத் தோல உரிச்சு 5 மைக்ரோமோலார் எஃப்எம் 4-64-ல போட்டு எடுத்தா செல்லுக்குச் செல்லு கோடு தெரியும். ஆனா அந்தக் கோடு மெம்பரேனா செவரான்னு எப்படி சொல்லுவீங்க? ரெண்டும் ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு. அப்பத்தான் கெட்டியான சர்க்கரைத் தண்ணிய ஓரத்துல விட்டுப் பாத்தேன், செல்லுல இருந்து தண்ணி வெளிய போகப் போக மெம்பரேன் செவர விட்டு பைய பைய சுருங்குது, சுருங்குறப்ப செவரோட இருந்த ஒட்ட விட மனசில்லாம மெல்லிசு மெல்லிசா நூலு நூலா இழுத்துக்கிட்டே வருது, ஒவ்வொரு நூலும் செவப்பா எரியுது. ஹெக்டுங்குறவரு 1912-ல பாத்த நூலுக, அவரு பேராலதான் இன்னிக்கும் சொல்றாங்க. டை மெம்பரேன்லதான் இருக்குன்னு எனக்கு சந்தேகமே இல்லாமப் போனது அந்த ராத்திரிதான், லேப்ல நான் மட்டும்தான் இருந்தேன், செக்யூரிட்டி தாத்தா பூட்ட வந்தவர கூப்புட்டு காட்டுனேன், அவரு கண்ண வச்சுப் பாத்துட்டு "மல்லிப்பூ காம்புல நாரு இழுத்த மாதிரி இருக்கு தாயி"ன்னாரு.

மல்லி இதழ்ல கஷ்டம் என்னன்னா மேல மெழுகு, டை துளிய விட்டா தாமரை எலைத் தண்ணியா உருண்டு ஓடிரும். சின்னதா வெட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சுக்குள்ள டையோட போட்டு, நுனிய வெரலால அடைச்சுக்கிட்டு பிஸ்டன பின்னால இழுங்க, இதழுக்குள்ள இருக்குற காத்து குமிழ் குமிழா வெளிய வரும், விட்டதும் டை உள்ள போயிரும். ரெண்டு மூணு தடவ போதும், முரட்டுத்தனமா இழுத்தா செல்லு கிழியும். கிழிஞ்ச செல்லுல எஃப்எம் நேரா உள்ள போயி எல்லா மெம்பரேனையும் நனைச்சிரும், செல்லு பூரா செவப்பா தெரியும். ஒரு மாசம் பூரா சாயங்கால மொட்டுல வெசிக்கிள் நடமாட்டம் ஏகப்பட்டது இருக்குன்னு நான் நோட்டு நோட்டா எழுதி வச்சிருந்தேன், கடைசில பாத்தா அதுல பாதி செத்த செல்லு. இப்ப ஃப்ளூரசீன் டைஅசிட்டேட் கூடவே போட்டு பாக்குறேன், உசுரோட இருக்குற செல்லு மட்டும்தான் அத பச்சையா மாத்தும், பச்சை இல்லாத செல்ல எண்ணுறதே இல்ல. அந்த ஒரு மாச டேட்டாவ தூக்கிப் போட்டுட்டு மறுபடி பண்ணேன்.

இன்னொண்ணு, எலை, காம்பு, பச்சை மொட்டு பாக்குறவங்களுக்கு. எஃப்எம் 4-64 வெளிச்சம் 600-ல இருந்து 700-அத் தாண்டி நீளமா பரவி இருக்கும், குளோரோஃபில்லும் 680 பக்கம் தானாவே செவப்பா எரியும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். கன்ஃபோகல் இருந்தா 600-ல இருந்து 650 வரைக்கும் மட்டும் புடிங்க, சாதா மைக்ரோஸ்கோப்புன்னா டை போடாத துண்டு ஒண்ண கண்டிப்பா பக்கத்துல வச்சுப் பாருங்க. மல்லி இதழ் வெள்ளைங்குறதால நான் தப்பிச்சேன். ட்ரிட்சி கியூப்ல குறுகுன ஃபில்டர் இருந்தா இந்த டையோட வெளிச்சத்துல பாதிக்கு மேல வீணாப்போகும், நீளமா விடுற லாங் பாஸ் ஃபில்டர் நல்லது. ஃபிக்ஸும் பண்ண முடியாது, பண்ணணும்னா எஃப்எக்ஸ்னு கடைசில போட்டு வர்றத வாங்கணும், அதுல அமீன் இருக்கு, ஆல்டிஹைடு அதப் புடிச்சுக்கும். உசுரோட பாக்குறதுக்கு அஞ்சுக்கு அஞ்சு.

ரெடிமேடா வர்றதயும் கேப்பீங்க. செல்மாஸ்க் ஆரஞ்சு 554-க்கு 567, நம்ம ட்ரிட்சி கியூபுக்கு அப்படியே பொருந்தும், ஆயிரத்துல ஒரு பங்கு கலந்து அஞ்சு பத்து நிமிஷத்துல ஒரே சீரா ஸ்டெயின் ஆகும், டைஐ மாதிரி திட்டுத்திட்டா வராது. ட்ரைட்டன் ஊத்துனா நிக்காதுன்னு கம்பெனிக்காரங்களே சொல்லிடுறாங்க, நேரம் ஆக ஆக உள்ளயும் போகும், ஒடனே படம் எடுக்குறவங்களுக்கு. மெம்குளோன்னு ஸ்ட்ராஸ்பர்க்ல கிளிம்சென்கோ குழுவோட வேலைல இருந்து வந்த சாயம் ஒண்ணு இருக்கு, தண்ணில கூட்டமா ஒட்டிக்கிட்டு அணைஞ்சு கெடந்து மெம்பரேன்ல பிரிஞ்சு எரியுற மாதிரி செஞ்சிருக்காங்க, நானோமோலார் கணக்குல போட்டாலே போதும், கழுவவும் வேணாம், நான் இன்னும் வாங்கல. பிகேஹெச் 26, பிகேஹெச் 67 வந்து செல்லு பிரியப் பிரிய சாயம் பாதி பாதியா கொறையுறத வச்சு எத்தன தலைமுறைன்னு எண்ணுறதுக்கு நல்லது, ஆனா எக்ஸோசோமுக்கு (செல்லு வெளிய விடுற குட்டிப் பை) போடுறவங்க தயவுபண்ணி டை மட்டும் உள்ள கன்ட்ரோல வைங்க, இந்த டையே கூடி எக்ஸோசோம் அளவுக்கு உருண்டை கட்டும், செல்லு முழுங்குறது எக்ஸோசோமா டை உருண்டையான்னு தெரியாது.

வாங்குற அனுபவத்தையும் சொல்லிடறேன், டை நல்லா இருந்தும் கையில சேர்றப்ப கெட்டுப்போனா என்ன புண்ணியம். பேர் சொல்ல விரும்பல, ஒரு டீலர் கிட்ட கரைசலா இருக்குற லெக்டின் ஒண்ணு ஏப்ரல் கடைசில ஆர்டர் போட்டோம், சனிக்கிழமை வந்த பார்சல் திங்கக்கிழமை வரைக்கும் கொரியர் ஷெட்டுலயே கெடந்துச்சு, பிரிச்சா ஐஸ் பேக்கெல்லாம் வெதுவெதுன்னு தண்ணி, ஃபோன் பண்ணுனா "மேடம் கம்பெனில கேட்டுச் சொல்றோம்"னாங்க, இன்னும் சொல்லல. அதுக்கப்புறம் நாங்க முடிஞ்ச வரைக்கும் காஞ்ச பொடியா வர்றதத்தான் வாங்குறோம், பொடி பயணத்தத் தாங்கும், கரைச்சதுதான் தாங்காது. ஆர்டர ஆவணிக்கு மேல, இல்லன்னா தை மாசத்துல போடுறோம், திங்கக்கிழமை கெளம்புற மாதிரி அனுப்புங்கன்னு பர்ச்சேஸ் ஆர்டர்லயே எழுதிடுறோம்.

வந்ததும் பிரிச்சு வைங்க, இதுதான் காச மிச்சப்படுத்துற எடம். எஃப்எம் 4-64 100 மைக்ரோகிராம் வயல்ல 165 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓங்குற கரைப்பான ஊத்துனா 1 மில்லிமோலார் ஸ்டாக்கு, ஒரு மில்லிக்கு 5 மைக்ரோலிட்டர் போட்டா 5 மைக்ரோமோலார், அப்ப ஒரு குட்டி வயல்ல 33 மில்லி வேலை பாக்கலாம், ஒரு ஸ்லைடுக்கு 100 மைக்ரோலிட்டர்னா 330 ஸ்லைடு, இப்படிக் கணக்குப் போட்டா விலை அவ்ளோ பயமுறுத்தாது. பத்து பத்து மைக்ரோலிட்டரா குட்டி ட்யூப்ல போட்டு, புரோட்டா பார்சலுக்கு சுத்துற அதே அலுமினியத் தாள்ல சுத்தி, தேதி எழுதி மைனஸ் 20-ல போடுங்க. ஒரு ட்யூப ஒரு தடவதான் எடுக்கணும், திருப்பி உள்ள வைக்காதீங்க, டிஎம்எஸ்ஓ காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும். மாசாமாசம் பராமரிப்புக்குன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் நிப்பாட்டுவாங்கல்ல, அன்னைக்கு ஃப்ரீசரத் தொறக்கவே கூடாது, நாங்க ஃப்ரீசருக்குள்ளயே ஒரு தெர்மாகோல் பெட்டில ஜெல் பேக்கு நடுவுல டைகள வச்சிருக்கோம்.

அந்தத் தங்கச்சியோட வேலை ஒட்டி வளர்ற செல்லு, ஃபார்மால்டிஹைடு, ட்ரைட்டன், உள்ள ஒரு ஆன்டிபாடி, மைக்ரோஸ்கோப்ல அதே மூணு கியூபு. ஆன்டிபாடிக்கு ஆரஞ்சு, நியூக்ளியஸுக்கு டாப்பி நீலம், மிச்சம் பச்சை மட்டும்தான், அதுனால 488 ஒட்டுன டபிள்யூஜிஏவ வாங்கச் சொன்னேன், பொடியா வர்றது, வந்து பிரிச்சும் வச்சாச்சு. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ட்ரைட்டனுக்கு முன்னாடி ஒரு படமும் ட்ரைட்டனுக்குப் பின்னாடி ஒரு படமும் ஒரே எக்ஸ்போஷர்ல எடுத்து அனுப்பி இருந்தா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், பச்சைக் கோடு அப்படியே நிக்குது. படத்த மாமாவுக்கும் அனுப்பி இருக்கேன், சாயம் போகல மாமான்னு.